பதினான்கு நாள் காப்பி மெஷின்

என் கணவருக்கு ஒரு பொருளின் மேல் ஆசை வந்துவிட்டால் அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டார். ஆபீசில் நாலு பேரிடம் சொல்வார், பாசாரில் மீன் வாங்கும்போது இரண்டு பேரிடம் சொல்வார், கடைசியில் அந்தப் பொருளோடு வாசலில் வந்து நிற்பார். சைக்கிள் அப்படித்தான் வந்தது. நான் ஒருநாளும் கேட்காத தையல் மெஷினும் அப்படித்தான் வந்தது. காப்பி மெஷின் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மூன்று சக்கரப் பெச்சாவில் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மலாக்காவில் அப்போது எந்த ஆம்பிளையைப் பார்த்தாலும் கையில் ஒரு புதுத் திட்டம் இருந்தது. ஒருவர் லாரி வாங்கப் போகிறேன் என்பார், இன்னொருவர் அச்சாபீஸ் வைக்கப் போகிறேன் என்பார். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள், இனி நாம்தானே முதலாளி என்று ஒரு மிதப்பு. என் கணவர் ரப்பர் ஏற்றுமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி வேலை பார்த்தார். பேரேடும் தட்டச்சும் கடிதமும் அவர் பொறுப்பு. காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீடு கம்பெனி கொடுத்த வீடு. வேலையை விட்டால் ஒரு மாதத்தில் சாவியையும் கொடுத்துவிட வேண்டும்.

சமையலறை மேசைமேல் அட்டைப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் பளபளவென்று ஒரு அலுமினியச் சாமான். அடி பெருத்து, கழுத்து வளைந்து, ஒரு பக்கம் மெல்லிய குழாயும் அதற்கு ஒரு குட்டித் திருகும் இருந்தன. இன்னொரு பக்கம் கைப்பிடி வைத்த சின்னக் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் ஊசியால் குத்தியது போல நூறு ஓட்டை.

"இத்தாலிக்காரன் செஞ்சதும்மா," என்றார். "மேல தண்ணி ஊத்தி மூடிய இறுக்கணும். கிண்ணத்துல தூளப் போட்டு அடுப்புல வச்சா, ஆவி தள்ளுற தள்ளுல காப்பி கெட்டியா இறங்கும். இந்தக் குழாய்ல வர்ற ஆவியில பால நொரைக்க வச்சிக்கலாம்."

"துணிப் பையில வடிக்கிற காப்பிக்கு என்ன கேடு வந்துச்சு?"

"வீட்டுக்கு இல்லம்மா. கடைக்கு."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருப் பக்கம் ஒரு கடை காலியாகிறதாம். துணி எடுக்க, நகை பார்க்க வருகிற ஜனம் எல்லாம் கால் ஓய்ந்து உட்கார இடம் தேடுமாம். கம்பெனி வேலையாகச் சிங்கப்பூர் போனபோது ஒரு கடையில் இதே மாதிரி, ஆனால் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷினைப் பார்த்திருக்கிறார். புஸ் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு நின்றதாம். காப்பி குடிக்க அவ்வளவு கூட்டம். "மலாக்காவுல எவனும் இத இன்னும் ஆரம்பிக்கல," என்றார். "முதல்ல சின்ன மெஷின்ல கைபழகிக்குவோம்."

"வேல?"

"விடணும். லெட்டர் அடிச்சாச்சு."

சட்டைப்பையிலிருந்து ஒரு நீள உறையை எடுத்துக் காண்பித்தார். ராஜிநாமா. தேதி போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் குங்குமச் செப்புக்கு அடியில் வைத்தார். மெஷின் விற்ற சீனக் கடை முதலாளிக்கு, தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், இவர் இங்கிலீசில் அவ்வப்போது கடிதம் எழுதிக் கொடுப்பார். அந்தப் பழக்கத்தில் பதினான்கு நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று தவுக்கே சொல்லியிருந்தார்.

"காப்பி நல்லா வந்துச்சுன்னா தேதியப் போட்டு லெட்டரக் குடுத்துருவேன். வரலேன்னா மெஷினத் திருப்பிக் குடுத்துருவேன். அவ்வளவுதான்," என்றார், ஏதோ மழை வந்தால் குடை எடுப்பேன் என்பது போல.

எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். மூத்தவளுக்கு ஒன்றரை வயது. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் அப்பாவுக்கு வாய் நீளம். கங்காணியோடு சண்டை வரும், மறுநாள் நாங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு நடப்போம். பத்து வயதுக்குள் நாலு தோட்டம் பார்த்துவிட்டேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதுதான் ஆணி அடித்து ஒரு படத்தை மாட்டினால் அது மாட்டிய இடத்திலேயே இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டை ஒரு அலுமினியச் சொம்பை நம்பி விடவேண்டும் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

ஆனாலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் எந்தக் காரியம் நடக்காமல் போனாலும் ஆண்களிடம் ஒரே பதில்தான் இருந்தது: பொண்டாட்டி விடவில்லை. அந்தப் பழியை வாழ்நாள் பூரா சுமக்க எனக்கு இஷ்டம் இல்லை. அதோடு, எட்டு வருஷமாக அடுத்தவன் கையெழுத்துப் போடக் கடிதம் அடித்துக்கொண்டிருந்த மனிதர் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு கடிதம் அடித்திருக்கிறார். அதைக் கிழி என்று எந்த வாயால் சொல்வது? மென்று முழுங்கினேன்.

மறுநாள் காலை மெஷினுக்குப் பூஜை நடந்தது. புது வண்டிக்குச் செய்வது போலச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். கழுத்தில் ஒரு முழம் மல்லிகை. எலுமிச்சம்பழத்தை நறுக்கி இரண்டு பக்கமும் வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தார். பூவோடு அடுப்பில் ஏற்றாதீர்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. முதலில் மல்லிகை வெந்த வாசம் வந்தது. அப்புறம் குங்குமம் கருகியது. அப்புறம் மெஷின் உர்ரென்று உறுமியது. நான் மூத்தவளைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றேன்.

காப்பி வரவில்லை. மூடியைச் சுற்றி ஆவி சீறியது. குழாய் வழியே கொதிநீர் தெறித்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை நனைத்தது. ரொம்ப நேரம் கழித்துக் கிண்ணத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு சொட்டு உருண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, விழுந்தது. அப்படியே ஏழெட்டுச் சொட்டு. அதில் பாலைக் கலந்து, சர்க்கரை போட்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு வாய் குடித்தோம். கரி கரைத்த தண்ணீர் போல இருந்தது.

"மொத தடவ அப்படித்தான்மா," என்றார்.

"ஆமாங்க, பழகணும்," என்றேன். உள்ளுக்குள் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். காலண்டரைத் துடைக்கும்போது பாட்டே வந்துவிட்டது.

அடுத்தடுத்த நாள்களும் அதே கதைதான். தூளைக் குறைத்துப் போட்டார், கூட்டிப் போட்டார். கரண்டியால் அழுத்தினார், அழுத்தாமல் விட்டார். தீயைச் சின்னதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தின் ஓட்டைகள் தார் பூசியது போல அடைத்துக்கொள்ளும். அவர் ஆபீசுக்குப் போனபின் நான் உட்கார்ந்து கொண்டையூசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்திச் சுத்தம் செய்வேன். வேலைதான் என்றாலும் எனக்குச் சலிப்பே இல்லை. இன்றைக்கும் கடவுள் நம் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டே குத்துவேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து மூன்று பேரை அழைத்து வந்துவிட்டார். கடை வைக்கப் போகிற சங்கதி அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மூன்று பேரும் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கோயிலில் தீர்த்தம் வாங்கப் போகிறவர்கள் போல உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் மெஷின் உறுமியது. கடைசியில் ஆளுக்கு இரண்டு வாய் கிடைத்தது.

"வாசம் நல்லாருக்குலா," என்றார் ஒருவர்.

"உடம்புக்கு நல்லது போல இருக்கு," என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் தண்ணீர் கேட்டார். அவர்கள் போகும்போது, "எப்ப லெட்டர் குடுக்கப் போற? பெரிய கிராணி தினம் கேக்குறாரு," என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனது என் காதில் விழுந்தது. இவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். உள்ளே வந்து அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். பாவம், ஏமாற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலாக்காச் செட்டிக் குடும்பங்கள் இருந்தன. நெற்றியில் திருநீறு, உடுப்பு சாரோங்கும் கெபாயாவும், பேச்சு மலாய். நம்மைப் போலவே பொங்கலும் தீபாவளியும் கொண்டாடுவார்கள். ஆனால் தமிழில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசச் சொன்னால் சிரித்துவிடுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் புருஷன் தெங்கேராவில் ஒரு காப்பிக்கொட்டை வறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார். அவர் வேலை முடிந்து வரும்போது தெரு முழுக்க அந்த வாசம் வரும்.

ஒன்பதாம் நாள் காலை நான் குழாயடியில் உட்கார்ந்து ஓட்டை குத்திக்கொண்டிருந்தபோது அக்கா வேலிப் பக்கம் வந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். என்னுடைய பாசார் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். கிண்ணத்தை வாங்கினாள், மோந்து பார்த்தாள், அந்தக் கறுப்புப் பிசினைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உடனே தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அலாமாக்! இனி அடா குலா லா!"

இதில் சர்க்கரை இருக்கிறதே என்றாள். நாங்கள் அன்றாடம் வாங்கும் காப்பித்தூள் வெறும் கொட்டையில் செய்தது இல்லை. உருளையில் கொட்டை வறுபட்டு இறங்கும் நேரத்தில் சர்க்கரையைக் கொட்டுவார்களாம், வெண்ணெயும் போடுவார்களாம். எல்லாம் பாகாகிக் கொட்டையை மூடிக்கொள்ளும். தரையில் கொட்டி ஆறவிட்டு மண்வெட்டியால் உடைத்துத்தான் இடிக்கவே முடியும். துணிப் பையில் போட்டு வெந்நீரை ஊற்றினால் அந்தப் பாகு சுகமாகக் கரைந்து இறங்கும். இந்த ஊசி ஓட்டையில் ஆவியைக் கொடுத்தால் பாகு இளகி ஓட்டையை அடைக்காமல் என்ன செய்யும்? இத்தாலிக்காரன் எங்கேயாவது காப்பிக்கொட்டையில் வெண்ணெய் போடுவானா? ஊரில் இருப்பவர்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து குடிக்கும் காப்பி அது. காப்பி என்றால் அதுதான் என்று நினைத்திருந்தோம். எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சர்க்கரை போடுவதற்கு முன்னால் இரண்டு பிடி கொட்டையை எடுத்து வைக்கும்படி தன் புருஷனிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள் அக்கா.

"வேண்டாம்!" என்றேன். அதுவும் தமிழில். நான் கிண்ணத்தைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அதுவரை மெஷின் தானாகக் கெட்டது, நான் வேடிக்கை பார்த்தேன். அதில் பாவம் ஒன்றும் இல்லை. இப்போது மெஷின் நல்ல மெஷின் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் காப்பி வரும், காப்பி வந்தால் கடிதம் போகும், கடிதம் போனால் வீடு போகும். நான் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் காலையில் தூளை அளந்து போடும்போது அடுப்பங்கரையில் நிற்கவே முடியாமல் துணி உலர்த்தப் போவேன். உலர்ந்த துணியையே மறுபடி உலர்த்திய நாளும் உண்டு.

இன்னும் ஐந்து நாள், இன்னும் நாலு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காலை அவர் மெஷினின் மூடியை அவசரமாகத் திறந்துவிட்டார். ஆவி குபீரென்று அடித்து மணிக்கட்டு வெந்துபோயிற்று. நான் ஓடிப்போய் எண்ணெய் தடவினேன். அவர் கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா," என்றார். "ஒருத்தன் சொல்லச் சொல்ல டைப்படிக்கச் சொல்லு, அடிப்பேன். அதுக்குத்தான் லாயக்கு."

காப்பி நன்றாக வரவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். தான் எதற்கும் லாயக்கில்லை என்று அந்த மனிதர் நம்ப ஆரம்பித்துவிட்டார். அப்படி நம்ப வைத்தது என் வாய். நான் அதை மூடிக்கொண்டிருந்ததுதான். வீடு போனால் போகட்டும், நாலு தோட்டம் மாறியவளுக்கு ஐந்தாவது வீடு ஒன்றும் புதிதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலிக்குப் போனேன்.

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. உள்ளே இருந்த கொட்டை நாங்கள் கண்ட மாதிரி கறுப்பாகப் பளபளவென்று இல்லை. மங்கலான பழுப்பு நிறத்தில், தொட்டால் கையில் ஒட்டாமல் இருந்தது. சாயங்காலம் அவர் வரும் நேரத்துக்கு உரலில் போட்டு அளவாக இடித்தேன். கிண்ணத்தில் நிரப்பினேன். தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, அடுப்பில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மெஷின் உறுமவில்லை. மெல்ல ஒரு மூச்சு விட்டது. கிண்ணத்துக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் இரண்டு நூல் இறங்கின. மேலே பொன்னிறத்தில் ஒரு நுரை படிந்தது. வாசம் சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசல்வரை போயிற்று. அந்த நேரம் பார்த்து அவர் சைக்கிளைச் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

குழாய் ஆவியில் பாலை நுரைக்க வைத்து, கோப்பையில் கலந்து, கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். "குடிச்சுப் பாருங்க," என்றேன்.

ஒரு வாய் குடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன், பெருமையில் மூத்தவளைத் தூக்கிச் சுற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. பேயறைந்தவர் போல நின்றார். கண் மெதுவாகத் திரும்பிச் சாமி மாடத்துக்குப் போயிற்று. அங்கிருந்து கூரைக்கும், என் வயிற்றுக்கும், தரையில் விளையாடிக்கொண்டிருந்த மூத்தவளுக்கும் போயிற்று.

"எப்படி வந்துச்சு?" என்றார்.

"அதுவா வந்துருச்சுங்க."

கோப்பையை என்னிடம் நீட்டினார். "நீ குடிச்சுப் பாரும்மா. நல்லாவா... இருக்கு?"

அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பதிமூன்று நாளும் விளங்கிவிட்டது. நண்பர்கள் போனபின் நாற்காலியில் சரிந்ததும், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததும் வெறும் ஏமாற்றம் இல்லை. இந்த மனிதர் ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பின்வாங்க வழி தெரியாமல், மெஷின் கெட்டுப்போக வேண்டும் என்று என்னைப் போலவே வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே மாடத்தின் முன்னால் நின்று, ஒரே வரத்தை, ஒருவருக்கொருவர் தெரியாமல் கேட்டிருக்கிறோம். அதைக் கெடுக்க வெறுங்கொட்டை தேடிப் போனவள் நான்!

கோப்பையை வாங்கிக் குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அப்படி ஒரு காப்பியை நான் குடித்ததில்லை.

"கசக்குதுங்க," என்றேன்.

அவர் தோள் இரண்டும் இறங்கின. "கசக்குதுல்ல?" என்றார்.

"ரொம்பக் கசக்குது."

"நானும் அதான் நெனச்சேன். ஒரே கசப்பு."

அந்தக் கசப்பைக் கடைசிச் சொட்டு வரை இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். மிச்சத் தூளில் இன்னொரு கோப்பையும் போட்டுக் குடித்தோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் மணிக்கட்டை ஊதிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை, பதினான்காம் நாள். அரை நாள் ஆபீஸ் முடிந்து அவர் வருவதற்குள் நான் புளியும் சாம்பலும் போட்டு மெஷினைத் தேய்த்து வைத்திருந்தேன். கருகிய குங்குமம் மட்டும் விளிம்பில் ஒரு கோடாகத் தங்கிவிட்டது. வைக்கோலோடு பெட்டியில் வைத்துக் கட்டினோம். அவர் மாடத்திலிருந்த உறையை எடுத்துச் சட்டைப்பையில் செருகினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். மூத்தவளை அக்காவிடம் விட்டுவிட்டு நானும் பெச்சாவில் ஏறிக்கொண்டேன்.

தவுக்கே கடையில் ரேடியோவும் மின்விசிறியும் அடுக்கி வைத்திருந்தார்கள். தவுக்கே பெட்டியைப் பிரித்து மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குங்குமக் கோட்டை நகத்தால் சுரண்டினார். பிறகு மலாயில், "கிராணி, அப்பா ரோசாக்?" என்று கேட்டார். எது பழுது என்று.

என் கணவர் வாயைத் திறந்தார், மூடினார். பொய் சொல்ல வராத மனிதர். வீட்டில் என்னிடம் கசக்கிறது என்று சொன்னதே அவருக்குப் பெரிய காரியம்.

அவர் தயங்குவதைப் பார்த்துத் தவுக்கே தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இது மோசமான உருப்படி போலிருக்கிறது, உனக்குக் கெட்ட சாமானைக் கொடுத்தது என் தப்பு என்றார். திங்கட்கிழமை சிங்கப்பூரிலிருந்து புதுப் பெட்டி வருகிறது, வேறு மெஷின் எடுத்துக்கொள், இன்னும் பதினான்கு நாள் வைத்துப் பார் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். இன்னொரு பதினான்கு நாளா?

"தவுக்கே, சாயா தா மாவு," என்றேன். எனக்கு வேண்டாம். கடைக்குள் பெண்பிள்ளை குரல் கொடுத்ததும் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஆள்கூட நிமிர்ந்து பார்த்தான். பொண்டாட்டி விடவில்லை என்ற பழியை நானே எடுத்து என் தலையில் போட்டுக்கொண்டேன். போகட்டும், அவர் தலை நிமிர்ந்து ஆபீசுக்குப் போனால் சரி என்று இருந்தது. தவுக்கே புரிந்துவிட்டது என்பது போலச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

என் கணவர் என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். "இல்ல," என்றார். முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு மலாயில் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, கடிதத்துக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். மெஷின் நல்ல மெஷின். நேற்று நல்ல காப்பி வந்தது, என் மனைவி போட்டாள். அவள் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடை வைக்க வேலையை விட வேண்டும், இந்தச் சமயத்தில் என்னால் அது முடியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"சாயா தாக்குட்," என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். என்னிடம் தமிழில் பதினான்கு நாளும் சொல்ல முடியாததை என் கணவர் ஒரு கடைக்காரரிடம் மலாயில் சொன்னார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தவுக்கே சிரிக்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் மெஷினை எடுத்துப் பின்னால் வைத்தார்.

என் மேலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. அப்படி ஒரு நிம்மதியை நான் பிள்ளை பெற்ற அன்றுதான் கண்டிருக்கிறேன். வெளியே வெயில் கொளுத்தியது. பெச்சாக்காரன் மணியடித்துக் கூப்பிட்டும் நாங்கள் ஏறவில்லை. உறை தேதி போடாமலே அவர் சட்டைப்பையில் இருந்தது. கடைகளின் நிழலில், கையில் ஒன்றும் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். அந்தச் சாலை முடிகிற இடத்தில்தான் எனக்குப் பேச்சு வந்தது.

"எனக்கும் பயமாத்தாங்க இருந்துச்சு," என்றேன், தமிழிலேயே.